தைகா காடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா நகரில் போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். குளிர்கால ஞாயிறுகளில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்க வருபவர்களோடும் செல்வதுண்டு. இரண்டு இடங்களிலும் வடகோளத்து ஊசியிலைக் காடுகளைப் பற்றி ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக வருகின்றன. பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் ஒன்றுதான்: வெயிலும் மழையும் விரைந்த வளர்ச்சியும் கொண்ட நம் காடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு, எல்லாமே மெதுவாக நடக்கும் ஒரு காட்டை அளக்க முயல்கிறோம்.

தைகா சரியாக எங்கே இருக்கிறது? போரியல் காடு என்பதும் அதுதானா?

அதுதான். வட துருவத்தைச் சுற்றி, ஏறத்தாழ 50 முதல் 70 டிகிரி வட அட்சம் வரை, அலாஸ்கா, கனடா, நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகியவற்றின் வழியாக ஒரு வளையம்போல் இந்தக் காடு படர்ந்திருக்கிறது. இதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி ரஷ்யாவில் உள்ளது. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகின் மொத்தக் காட்டுப் பரப்பில் 27 விழுக்காடு இந்த மண்டலத்தைச் சேர்ந்தது.

இதற்கு வடக்கே மரங்களற்ற தூந்திரா தொடங்குகிறது. எந்த இடத்தில் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குகிறதோ, ஏறத்தாழ அந்த இடத்தில் காடு நின்றுவிடுகிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். எல்லை ஏன் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து வளைந்து செல்கிறது என்பது தானே விளங்கிவிடும்.

பூமியின் தென்பாதியில் ஏன் தைகா இல்லை?

தென்கோளத்தில் அதே அட்சங்களில் நிலமே அரிது. பனி மூடிய அண்டார்க்டிகாவின் விளிம்பை ஒதுக்கிவிட்டால், தென் அமெரிக்காவின் நுனியும் சில தீவுகளும்தான் நிலம்; மற்றெல்லாம் கடல். அந்தச் சிறு நிலப்பகுதியிலும் கடற்காற்றினால் கோடை அதிகம் சூடாவதில்லை, குளிர்காலமும் கடுமையாவதில்லை. தைகா உருவாகப் பெரிய கண்டத்தின் உட்பகுதி வேண்டும்.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்? வருடம் முழுக்கப் பனிதானா?

வருடம் முழுக்கப் பனி இல்லை. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஜனவரிச் சராசரி மைனஸ் 38 டிகிரி அளவில் இருக்கிறது. அதே ஊரில் ஜூலைச் சராசரி 19 அல்லது 20 டிகிரி. இன்னும் வடக்கே உள்ள வெர்கோயான்ஸ்கில் 1892ஆம் ஆண்டு மைனஸ் 67.8 டிகிரி பதிவானது. அதே ஊரில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி பதிவாகி, உலக வானிலை அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. ஒரே ஊரின் இரு உச்சங்களுக்கும் இடையே நூறு டிகிரிக்கும் மேற்பட்ட வேறுபாடு. சென்னையில் ஜனவரிச் சராசரிக்கும் மே மாதச் சராசரிக்கும் இடையே எட்டு டிகிரி அளவுதான் வேறுபாடு. வங்கக் கடல் நமக்குச் செய்யும் உதவி அது. கடலிலிருந்து விலகிய சைபீரிய உள்நாட்டுக்கு அந்த உதவி இல்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டத்துக்கு அருகில் இருப்பதால், ஸ்கான்டிநேவியத் தைகாவின் குளிர்காலம் சைபீரியாவினதைவிடப் பலமடங்கு மென்மையானது.

வெப்பத்தைவிட வெளிச்சம்தான் எனக்கு வியப்பூட்டுவது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். ஹெல்சின்கி அமைந்திருக்கும் 60 டிகிரி அட்சத்தில் ஜூன் இறுதியில் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். டிசம்பர் இறுதியில் 6 மணி நேரத்துக்கும் குறைவு. சராசரி வெப்பம் 10 டிகிரியைத் தாண்டும் மாதங்கள் ஒன்று முதல் மூன்று வரைதான். அந்தச் சில வாரங்களின் நீண்ட வெளிச்சத்தில் மரமும் பூச்சியும் பறவையும் ஓராண்டு வேலையை முடித்தாக வேண்டும். பின்வரும் பதில்களில் பலவும் இந்தக் கட்டாயத்திலிருந்தே பிறப்பவை.

நம் ஊரைவிட மழை ரொம்பக் குறைவு என்கிறார்கள். அப்புறம் எப்படி அங்கே காடு?

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது. தைகாவில் பெரும்பாலான இடங்களில் மழையும் பனியும் சேர்ந்து 300 முதல் 850 மி.மீ.; யாகுட்ஸ்கில் சுமார் 240 மி.மீ. மட்டுமே. ராஜஸ்தானின் பாலைவன மாவட்டங்களில் பெய்யும் அளவுதான் இது.

ஆனால் எவ்வளவு பெய்கிறது என்பதோடு எவ்வளவு ஆவியாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலத்தில் நீர் ஆவியாவது மிகக் குறைவு. குளிர்காலப் பனி முழுவதும் அப்படியே சேமிக்கப்பட்டு, மரங்கள் வளரத் தொடங்கும் வேளையில் உருகிக் கிடைக்கிறது. கிழக்குச் சைபீரியாவிலும் வட கனடாவின் பல பகுதிகளிலும் மண்ணுக்கடியில் ஆண்டு முழுவதும் இளகாத நிரந்தர உறைநிலம் இருப்பதால், உருகிய நீர் கீழே இறங்காமல் மேலேயே தங்குகிறது. அதனால்தான் பாலைவன மழையளவு கொண்ட நாட்டில் ஏரிகளும் சதுப்புகளும் நிறைந்திருக்கின்றன.

ஊசியிலை மரம் என்றால் கொடைக்கானலில் இருக்கிறதே, அதுதானே?

கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் மரங்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. அந்த மலைகளுக்கு உரியவை சோலைக்காடுகளும் புல்வெளிகளும்தான். தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும் ஊசியிலை வகுப்பு மரம் நாகேயா வாலிச்சியானா என்னும் ஒன்றே. அதன் இலையோ ஊசிபோல் இல்லாமல் அகலமாக இருக்கும்.

இமயமலைக் காடுகள் இன்னும் நெருங்கிய உறவு. ஸ்புரூஸ், ஃபிர், பைன் என்னும் ஊசியிலை மரங்கள் எல்லாம் அங்கே உண்டு. எனினும் அங்கே குளிரைத் தருவது உயரமே ஒழிய அட்சம் அல்ல. பகலின் நீளம் தைகாவைப்போல் மாறுவதில்லை, கோடையில் பருவமழை கொட்டுகிறது. மரங்களின் குடும்பம் ஒன்றாயினும் அவை வாழும் நிபந்தனைகள் வேறு.

மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து மரம் வெடித்துவிடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சரியான இடத்தில் கை வைக்கிறார்கள். கடுங்குளிரில் தண்டு பிளந்து துப்பாக்கி வெடித்ததுபோல் ஓசை எழுவது உண்மையிலேயே நடப்பதுதான். ஆயினும் மரம் சாவதில்லை. ஏனெனில் உயிருக்கு ஆபத்து தண்ணீர் உறைவதில் இல்லை. உயிரணுவுக்கு உள்ளே உறைவதில்தான் இருக்கிறது. உள்ளே பனிப்படிகம் வளர்ந்தால் உயிரணுவின் சவ்வுகள் கிழிந்துவிடும்.

கோடை முடிவில் பகல் சுருங்கத் தொடங்கியதும் மரம் தயாராகிறது. உயிரணுக்களுக்குள் சர்க்கரைகள் சேர்கின்றன, சவ்வுகளின் அமைப்பு மாறுகிறது. குளிர் வந்ததும் உயிரணுவிலிருந்து நீர் வெளியேறி, அணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் தீங்கின்றி உறைகிறது. உள்ளே எஞ்சுவது உறையவே முடியாத கெட்டியான சர்க்கரைக் கரைசல். மிதவெப்ப மண்டலத்தின் பல மரங்கள் உள்ளே உள்ள நீரை உறையவிடாமல் வைத்திருக்கும் வேறொரு வழியைக் கையாள்கின்றன. அந்த வழி மைனஸ் 40 டிகிரி அளவில் தோற்றுவிடும். தைகா மரங்களின் வழிக்கு அத்தகைய எல்லை இல்லை. ஜப்பானிய ஆய்வாளர் அகிரா சகாய், குளிருக்குப் பழகிய வில்லோ போன்ற மரங்களின் கிளைத்துண்டுகளைப் படிப்படியாகக் குளிர்வித்து, மைனஸ் 196 டிகிரி கொண்ட திரவ நைட்ரஜனில் மூழ்கவைத்தும் அவை பிழைப்பதை 1960ஆம் ஆண்டு வெளியிட்டார். அதே கிளை ஜூலை மாதத்தில் வெட்டப்பட்டிருந்தால் சில டிகிரி உறைபனியிலேயே கருகியிருக்கும்.

அடுத்த ஆபத்து உலர்தல். வேர் உறைந்த மண்ணில் நிற்க, மேலே வெயில் அடித்தால், இலை இழக்கும் நீரை ஈடுசெய்ய வழியில்லை. ஊசியிலையின் சிறிய பரப்பு, தடித்த மெழுகுப் பூச்சு, குழிக்குள் அமைந்த இலைத்துளைகள் ஆகியவை நீர் இழப்பைக் குறைப்பவை. நீரைக் கடத்தும் குழாய்களும் மிகக் குறுகலானவை. உறைந்து இளகும்போது அவற்றில் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்வது அரிது.

இலையை உதிர்த்துவிட்டால் பிரச்சினையே இல்லையே? ஏன் பச்சையாகவே நிற்கின்றன?

ஒவ்வோர் ஆண்டும் புதிய இலைகளைச் செய்யச் சத்து வேண்டும். தைகா மண்ணில் அது கிடைப்பது அரிது. ஸ்புரூஸ் மரம் ஓர் ஊசியிலையைப் பல ஆண்டுகள் வைத்துப் பயன்படுத்துகிறது. வெப்பம் வந்த முதல் நாட்களிலேயே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடவும் முடிகிறது. கோடை சில வாரங்களே நீடிக்கும் நாட்டில், இலை துளிர்ப்பதற்கு ஒரு மாதம் செலவிடுவது பெரிய இழப்பு. கூம்பு வடிவமும் பனியைச் சறுக்கிவிடுவதோடு, அடிவானத்தை ஒட்டியே நகரும் சூரியனின் சாய்ந்த ஒளியைப் பக்கவாட்டில் வாங்கிக்கொள்கிறது.

இதில் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. தேர்வில் தவறவிடுபவர்கள் மிகப் பலர். உலகிலேயே கடுமையான குளிர் நிலவும் கிழக்குச் சைபீரியக் காடுகளில் பெரும்பான்மை மரம் லார்ச். அது ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி எல்லா ஊசிகளையும் உதிர்த்துவிடும். அங்கே உறைநிலம் மண்மட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால், முந்தைய பதிலில் சொன்ன உலர்தல் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது; இலையை வைத்திருப்பதால் வரும் நன்மையைவிடக் கேடு அதிகம். உலகின் மிக வடக்கத்திய காடு எனக் கருதப்படும் ஆரி-மாஸ், தைமிர் தீபகற்பத்தில் 72 டிகிரி அட்சத்துக்கும் மேலே உள்ளது. அது லார்ச் காடே.

இவ்வளவு மரம் இருந்தால் மண் வளமாகத்தானே இருக்க வேண்டும்?

நம் காட்டில் விழும் இலை ஒரு மழைக்காலத்தில் மக்கி, மறுபடி மரத்துக்குள் போய்விடும். தைகாவில் விழும் ஊசியிலை பிசினும் அமிலமும் நிறைந்தது. அதை மக்கவைக்க வேண்டிய நுண்ணுயிரிகளும் குளிரில் வேலை செய்வதில்லை. ஆகவே சத்து முழுவதும் தரையில் கிடக்கும் சருகிலும், மாஸ் எனப்படும் பாசி போன்ற சிறு தாவரங்களின் விரிப்பிலும் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. பனி உருகி அமில நீராக இறங்கும்போது மேல்மண்ணின் இரும்பும் அலுமினியமும் அடியில் போய்ப் படிய, மேலே சாம்பல் நிற அடுக்கு எஞ்சுகிறது. பாடநூல்கள் இதைப் பாட்சால் மண் என்கின்றன.

இந்த வறுமையில் மரங்களைக் காப்பவை கண்ணுக்குத் தெரியாத துணைகள். வேர்களோடு பின்னிய பூஞ்சைகள் சருகிலிருந்து சத்தைப் பிரித்துத் தருகின்றன. தரையை மூடியிருக்கும் ஒரு வகை மாஸின் இலைகளில் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிரிகள் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன என்பது 2002ஆம் ஆண்டுதான் வெளியானது. காலடியில் மிதிபடும் மாஸ் அந்தக் காட்டுக்கே உரமிடுகிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

நீர் தேங்கும் இடங்களில் இன்னொன்று நடக்கிறது. ஸ்பாக்னம் என்னும் மாஸ் நீரைப் புளிப்பாக்குகிறது. தேங்கிய நீர் காற்றைத் தடுக்கிறது. எண்ணெய் மேலே நிற்கும் ஊறுகாய் ஜாடியில் மாங்காய் கெடாதிருப்பதைப்போல், செத்த தாவரங்கள் அங்கே மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. இதுவே பீட். மழைக்காடுகளின் கரிமம் பெருமளவு உயிருள்ள மரங்களில் இருக்க, தைகாவின் கரிமத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருப்பதன் காரணம் இதுதான்.

அந்தக் குளிரில் கொசு இருக்காது, இல்லையா?

இதைக் கேட்காத வகுப்பே இல்லை. சென்னையில் வாழ்பவர்களின் ஏக்கம் புரிகிறது. ஆனால் உலகில் கொசுக்கள் மிக அடர்த்தியாகப் பறக்கும் இடங்களில் தைகாவும் ஒன்று. பல கொசு இனங்களின் முட்டைகள் ஈர மண்ணில் பனிக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தத்தில் பனி உருகியதும், மேலே சொன்னதுபோல் நீர் கீழே இறங்க வழியின்றிக் காடெங்கும் குட்டைகளாகத் தேங்க, எல்லா முட்டைகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் பொரிகின்றன. நம் ஊரில் ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கும் கொசுத்தொல்லை அங்கே சில வாரங்களில் திரண்டு வருகிறது. வேறு சில இனங்கள் முதிர்ந்த கொசுவாகவே மரப்பட்டைக்குள் ஒளிந்திருந்து, பனி முழுவதும் உருகும் முன்பே பறக்கத் தொடங்கிவிடும். இவற்றிடமிருந்து தப்ப ரெயின்டீர் மான்கள் காற்றடிக்கும் மேடுகளுக்கும் எஞ்சிய பனித்திட்டுகளுக்கும் ஒதுங்குகின்றன.

டெங்குவைப் பரப்பும் நம் ஏடிஸ் எஜிப்தி கொசுவால் அந்தக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. அங்குள்ளவை கடிப்பதில் அதற்குச் சளைத்தவை அல்ல. மீன்களுக்கும் பறவைக் குஞ்சுகளுக்கும் அவை பெரும் உணவு.

குளிர்காலத்தில் விலங்குகள் எல்லாம் தூங்கிவிடுமா?

இல்லை. உறங்குபவை சிலவே. அவற்றில் கருங்கரடியின் உறக்கம் தனி வகை. ஆறேழு மாதங்கள் உண்ணாமல், குடிக்காமல், சிறுநீர்கூடக் கழிக்காமல் குகையில் கிடக்கும். அதன் உடல் வெப்பம் சில டிகிரிதான் குறையும், ஆனால் உடலின் ஆற்றல் செலவு கால் பங்காகச் சுருங்கிவிடும். தாய்க்கரடி இந்த உறக்கத்தின் நடுவே, ஜனவரி பிப்ரவரியில், குட்டி ஈன்று பாலூட்டுகிறது.

மற்றவை விழித்தே இருக்கின்றன. பனிப்படலம் காற்றை அடக்கி வைத்திருப்பதால், மேலே மைனஸ் 40 டிகிரி இருந்தாலும் அடியில் தரைமட்டத்தில் வெப்பம் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும்; அந்த இடுக்கில் எலிகளும் மூஞ்சூறுகளும் சுரங்கம் அமைத்துக் குளிர்காலம் முழுவதும் நடமாடுகின்றன. பெரிய சாம்பல் ஆந்தை அவற்றின் அசைவைப் பனிக்கு மேலிருந்தே செவியால் கண்டறிந்து பாய்கிறது. மூஸ் மான் தன் நெடுங்கால்களால் ஆழ்பனியில் நடந்து வில்லோக் கிளைகளைத் தின்கிறது. ரெயின்டீர் மான் குளம்பால் பனியைத் தோண்டி, பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கனை உண்கிறது. அந்த லைக்கனோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒருமுறை எரிந்தாலோ மிதிபட்டாலோ மீளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பறவைகளில் கனடா ஜே கோடையில் கிடைத்த உணவை ஒட்டும் எச்சிலால் உருட்டி மரப்பட்டைகளில் ஒளித்துவைத்து, அதை நம்பியே பனி விலகும் முன் கூடு கட்டுகிறது. கிராஸ்பில் குருவி, கூம்புகளில் விதை நிறைந்திருந்தால் நடுக்குளிர்காலத்திலும் குஞ்சு பொரிக்கும்.

தவளை உறைந்துபோய் மறுபடி உயிர் பெறுமாம். உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மை, ஆனால் எல்லாத் தவளைக்கும் பொருந்தாது. வட அமெரிக்காவின் காட்டுத்தவளையான வுட் ஃபிராக், சருகுக்கடியில் கிடந்தபடியே உறைகிறது. உடல் நீரில் பாதிக்கும் மேல் பனிக்கட்டியாகிறது. இதயம் நின்றுவிடுகிறது, மூச்சும் இல்லை. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் செய்த ஆய்வில் இத்தவளைகள் மைனஸ் 18 டிகிரி வரை தாங்கி, சராசரியாக ஆறு மாதத்துக்கும் மேல் உறைந்திருந்து மீண்டன.

வழி ஏறத்தாழ மரங்கள் கையாள்வதுதான். தோலில் பனி படிந்ததும் கல்லீரல் பெருமளவு குளுக்கோஸை இரத்தத்தில் கொட்டுகிறது. உயிரணுவுக்குள் சர்க்கரை, வெளியே பனி. மீளும்போது முதலில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது.

முயலும் லின்க்ஸும் பத்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும் படம் பாடத்தில் வருகிறதே, லின்க்ஸ் தின்பதால்தானே முயல் குறைகிறது?

பாதி விடைதான் அது (லின்க்ஸ் என்பது ஒரு காட்டுப்பூனை). முதலில், அந்த வரைபடம் காட்டில் எண்ணப்பட்ட விலங்குகளின் கணக்கு அன்று. கனடாவில் விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி ஆண்டுதோறும் வாங்கிய தோல்களின் கணக்கு. சார்லஸ் எல்டன் என்னும் ஆங்கிலேய உயிரியலாளர் அந்தப் பேரேடுகளிலிருந்து இச்சுழற்சியை வெளிக்கொணர்ந்தார்.

காரணத்தை அறிய, சார்லஸ் கிரெப்ஸ் குழுவினர் கனடாவின் யூகான் பகுதியில் 1980களிலும் 90களிலும் பெரிய சோதனை நடத்தினர். சில இடங்களில் பனிமுயலுக்குக் கூடுதல் உணவு வைத்தார்கள். ஓரிடத்தில் வேலியிட்டு லின்க்ஸ் போன்ற வேட்டை விலங்குகளைத் தடுத்தார்கள். இன்னோரிடத்தில் இரண்டையும் செய்தார்கள். உணவு மட்டும் கொடுத்தபோது முயல்கள் மூன்று மடங்காயின, வேட்டை விலங்கை மட்டும் தடுத்தபோது இரு மடங்காயின, இரண்டும் சேர்ந்தபோது பதினொரு மடங்காயின. தாவரம், முயல், வேட்டை விலங்கு ஆகிய மூன்றும் பின்னிய சுழற்சி இது என்று எழுதுவதே சரியான விடை.

பள்ளிக்கரணைக்கு வரும் பறவைகள் அங்கிருந்துதான் வருகின்றனவா?

சில மட்டும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இந்தியாவிலேயே கூடு கட்டுபவை. அவற்றைச் 'சைபீரியப் பறவை' என்று செய்திகளில் எழுதுவது தவறு. பூநாரையும் தைகாவைச் சேர்ந்ததன்று. வரித்தலை வாத்து திபெத், மங்கோலியப் பீடபூமிகளின் பறவை.

தைகாவின் உண்மையான விருந்தாளிகள் அளவில் சிறியவை. கூட்டத்தின் கண்ணில் படாதவை. உள்ளான்களில் வுட் சேண்ட்பைப்பர் ஸ்கான்டிநேவியா முதல் சைபீரியா வரை உள்ள காட்டுச் சதுப்புகளில் முட்டையிடுகிறது. பள்ளிக்கரணைச் சேற்றில் தனியாக வாலாட்டி நடக்கும் கிரீன் சேண்ட்பைப்பர் இன்னும் விசித்திரம்: தைகாவில் அது தரையில் கூடு கட்டாமல், மரத்தின்மேல் பாடும் பறவைகள் விட்டுச்சென்ற பழைய கூட்டில் முட்டையிடும், பொரித்த குஞ்சுகள் அங்கிருந்து தரைக்குக் குதிக்கும். செப்டம்பர் வாக்கில் நம் தோட்டங்களுக்கு வந்து வேலிக்கம்பியில் அமரும் பழுப்புக் கீச்சானும் சைபீரியப் பக்கத்திலிருந்து வருவதே. சில வாரக் கோடையில் பெருகும் பூச்சிகளுக்காக அவ்வளவு தொலைவு போகின்றன. எஞ்சிய மாதங்களுக்கு அவற்றுக்கு நம் நீர்நிலைகள் வேண்டும். 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட சதுப்பு நிலம் என்னும் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணையின் எஞ்சிய பரப்பு மேலும் சுருங்கினால், இழப்பு வேளச்சேரியோடு நிற்காது.

அங்கே மனிதர்கள் வாழ்கிறார்களா? மரம் வெட்டுவது நம்மைத் தொடுமா?

ஸ்கான்டிநேவியாவில் சாமி, சைபீரியாவில் எவன்கி, சாகா, கனடாவில் கிரீ, தெனே எனப் பல மக்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். உறைநிலத்தின்மேல் நிற்கும் யாகுட்ஸ்கின் கட்டடங்கள் தூண்களில் எழுப்பப்பட்டவை. கட்டடத்தின் சூடு மண்ணை இளக்கிவிடக் கூடாது என்பதற்காக.

ஊசியிலை மரத்தின் நார் அகன்ற இலை மரத்தின் நாரைவிட நீளமானது என்பதால், வேகமாக ஓடும் அச்சு இயந்திரத்தில் கிழியாத காகிதம் அதிலிருந்து கிடைக்கிறது. இந்தியா இறக்குமதி செய்யும் செய்தித்தாள் காகிதத்தில் ரஷ்யாவுக்கும் கனடாவுக்கும் நெடுங்காலமாக முக்கிய இடம் உண்டு. கரூர் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியது, மரத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதற்கு நம்மிடமே உள்ள சான்று.

காட்டுத்தீ இந்தக் காட்டுக்கு நல்லது என்று படித்தேன். அப்படியானால் 2023இல் கனடா எரிந்ததற்கு ஏன் கவலை?

படித்தது சரிதான். ஜாக் பைன் மரத்தின் கூம்புகள் பிசினால் ஒட்டி மூடியிருக்கும். தீயின் சூட்டில்தான் பிசின் உருகி விதை வெளியே விழும். தீ மேல்விரிப்பை எரித்து, பூட்டிக் கிடந்த சத்தை விடுவித்து, மண்ணுக்கு வெயிலையும் தருகிறது. எரிந்த இடத்தில் ஆஸ்பென், பிர்ச் போன்ற அகன்ற இலை மரங்கள் முதலில் எழ, ஸ்புரூஸ் பின்னர் வந்து இடம் பிடிக்கும்.

கவலை அளவையும் இடைவெளியையும் பற்றியது. 2023இல் கனடாவில் எரிந்தது 1.5 கோடி ஹெக்டேருக்கும் மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். யெல்லோநைஃப் நகரின் ஏறத்தாழ 20,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஜூன் மாதத்தில் நியூயார்க்கின் வானம் புகையால் செம்மஞ்சளானது. ஒருமுறை எரிந்த இடம் விரைவிலேயே மறுபடி எரிந்தால், இளமரங்கள் கூம்பு விடும் வயதை எட்டியிருக்காது. விதை இல்லாமல் காடு திரும்பாது. வறட்சியில் காய்ந்த பீட் எரியத் தொடங்கினால், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கரிமம் வெளியேறும். பீட்டுக்குள் புகுந்த தீ பனிக்கடியில் கனன்றபடி குளிர்காலத்தைத் தாண்டி அடுத்த வசந்தத்தில் மீண்டும் கிளம்பிய நிகழ்வுகளும் உண்டு.

அமேசானா, தைகாவா, எது 'பூமியின் நுரையீரல்'?

இரண்டும் அல்ல. முதிர்ந்த காடு ஒன்று வெளியிடும் ஆக்சிஜனை ஏறக்குறைய முழுவதும் அதன் மரங்களும் மக்கவைக்கும் உயிர்களுமே மூச்சாகப் பயன்படுத்திவிடுகின்றன. காற்றில் உள்ள 21 விழுக்காடு ஆக்சிஜன் பல கோடி ஆண்டுகளில் சேர்ந்தது.

காட்டின் தாக்கத்தைக் காண வேண்டுமானால் கார்பன் டை ஆக்சைடைப் பார்க்க வேண்டும். ஹவாயின் மௌனா லோவா நிலையத்தில் 1958 முதல் எடுக்கப்படும் அளவுகளில், ஒவ்வொரு வடகோளக் கோடையிலும் அதன் செறிவு இறங்கி, குளிர்காலத்தில் ஏறுகிறது. வடநாட்டுத் தாவரங்கள் அனைத்தும் சேர்ந்து செய்யும் வேலை இது. தைகாவுக்கு அருகில், வடக்கே செல்லச் செல்ல இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாகிறது.

மரம் நட்டால் பூமி குளிரும் என்றால், தைகா வடக்கே பரவுவது நல்லதுதானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதில் எளிய விடை தவறான விடை. மரம் கரிமத்தை உறிஞ்சுவது உண்மை. ஆனால் திறந்த தூந்திராவில் வெண்பனி வசந்த கால வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அங்கே கரும்பச்சை ஸ்புரூஸ் எழுந்தால், பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கருநிறக் கிளைகள் அந்த வெயிலை உறிஞ்சிச் சூடாகின்றன. உயர் அட்சங்களில் இந்தச் சூடேற்றம், கரிமம் உறிஞ்சுவதால் வரும் குளிர்ச்சியைப் பெருமளவு ஈடுகட்டிவிடவோ மிஞ்சிவிடவோ கூடும்.

இதைக் கேட்டு, 'அப்படியானால் இருக்கும் தைகாவை வெட்டலாமே' என்று சிலர் வாதிடுகிறார்கள். மண்ணைப் பற்றிய பதிலை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அக்காட்டின் பெருஞ்செல்வம் தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே நிழல் தரும் மரமும் மாஸும் போனால் கீழே உள்ளது இளகி வெளியேறும். நிரந்தர உறைநில மண்டலத்தின் மண்ணில், காடும் தூந்திராவும் சேர்த்து, இன்று காற்றுமண்டலத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கரிமம் உறைந்திருக்கிறது.

பூமி சூடாகி உறைநிலம் இளகினால், அங்கே விவசாயம் செய்துகொள்ளலாமே?

தென் விளிம்பில் சில இடங்களில் சாகுபடி வடக்கே நகரக்கூடும். மற்ற இடங்களில் வெப்பம் ஒன்று மட்டும் போதாது. அமிலம் நிறைந்த, சத்தற்ற பாட்சால் மண் வெப்பநிலை உயர்ந்ததும் வண்டல் மண்ணாகிவிடாது.

அதைவிடப் பெரிய தடை நிலமே நிலையாக நில்லாதது. கிழக்குச் சைபீரிய உறைநிலத்தின் பல பகுதிகளில் மண்ணோடு பெரிய பனிக்கட்டி ஆப்புகள் கலந்திருக்கின்றன. அவை உருகினால் அந்த இடம் உள்வாங்கும்; மரங்கள் கண்டபடி சாய்ந்து நிற்கும், குழிகளில் நீர் தேங்கும். யாகுட்ஸ்கைத் தலைநகராகக் கொண்ட ரஷ்ய மாநிலமான யாகுடியாவில், படகாய் என்னும் ஊருக்கு அருகே, காடு அழிக்கப்பட்ட இடத்தில் தொடங்கிய சரிவு இன்று ஒரு கிலோமீட்டர் அளவுள்ள பெரும்பள்ளமாகி, இன்னும் வளர்கிறது. அதே மாநிலத்தின் சுராப்சா பகுதியில் காட்டைத் திருத்தி உழுத வயல்கள், அடியில் இருந்த பனி உருகியதால், மேடும் பள்ளமுமாகக் குமிழ்ந்து கிடக்கின்றன. பலவற்றை உழ முடியாமல் கைவிட்டுவிட்டார்கள்.